சீர் டம்ளர்

சாக்குக்குள் எவர்சில்வர் டம்ளர்கள் உருளும் சத்தம். கல்யாணமாகி ஒரத்தநாட்டுக்கு வந்த மறுநாள் காலையில் அதைக் கேட்டு, மழை என்று நினைத்து எழுந்தேன். வாடகைப் பாத்திரக் கடையில் சாமான் போவது சத்தத்தோடு, திரும்புவதுதான் சந்தேகம். என் வீட்டுக்காரர் காலமான பிறகு அவருடைய கடை என் கையில். கழுவவும் எண்ணவும் வேலைக்கு இருந்தவள் செல்லம். காகிதக் கப்பு வந்த பிறகு டம்ளர் கேட்பவர்கள் குறைந்துபோனார்கள். வீட்டு விசேஷம் நடத்தி அலுத்தவர்களுக்கு இது புரியும். ஒருநாள் செல்லம் கேட்டாள்: "டம்ளர் போகலைன்னா எனக்கு இங்க என்னக்கா வேலை?"

மடையில் வந்தது

ஒருவர் தன் அப்பாவின் கருமாதிக்கு அண்டா மட்டும் எடுத்தார். காபிக்குக் காகிதக் கப்பு. குடித்த கப்பெல்லாம் வாய்க்காலில் விழுந்தது. பிறகு வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். மண்வெட்டியும் சேற்றுக் காலுமாகக் கடைக்கு வந்தவர், வருஷத் திதிக்கு இப்போதே டம்ளர் சொல்லி வைத்தார். ஏன் என்றேன். "நாத்துக்குத் தண்ணி வரும்னு மடையைத் தொறந்தேம்மா. எங்கப்பா கருமாதிதான் வந்துச்சு."

துபாய்ப் பிள்ளை

மகளின் காதுகுத்துக்காக துபாயிலிருந்து வந்த பிள்ளை, "கார்பனைக் குறைக்கணும் ஆன்ட்டி, தூக்கிப் போடுற சாமானே கூடாது" என்றான். வாழையிலை, உள்ளூர்க் காய், எங்கள் டம்ளர். செல்லம் அன்றைக்கே சாக்குகளை உதறி வெயிலில் போட்டாள். கூட வந்திருந்த அவன் அம்மா என் பக்கம் சாய்ந்தாள். "ஒரு வார லீவுக்குப் பிளேன்ல வந்துட்டு, அதை டம்ளர்ல ஈடு கட்டுறான். பண்ணட்டும், நல்லதுதானே."

தாய்மாமன்

அந்தக் காதுகுத்துக்குக் குழந்தையின் தாய்மாமன் சீர் வைத்தார். தட்டில் தன் பெயர் வெட்டிய டம்ளர்கள். அவையும் எங்கள் டம்ளரோடு பந்தியில் புழங்கி, எங்கள் சாக்கில் ஏறிவிட்டன. எண்ணிக்கை சரியாக இருந்ததால் செல்லம் பெயரைப் பார்க்கவில்லை. அடுத்து அந்தச் சாக்கு ஒரு புதுமனை புகுவிழாவுக்குப் போனது. அங்கே காபி வாங்கிய தாய்மாமன், தன் பெயரையே கையில் பிடித்திருந்தார்.

"என் சீரைத் தங்கச்சி வாடகைக்கு விட்டுட்டாளா?" என்று நேரே கடைக்கு வந்தார். இந்தப் பேச்சு பரவினால் மிச்சம் இருப்பவர்களும் கப்புக்குப் போவார்கள். செல்லத்தின் வேலை அதோடு சரி. அவளே அவரை அழைத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள். அடுக்களை அலமாரியில், சீர் என்ற மரியாதையோடு, எங்கள் கடை முத்திரை போட்ட டம்ளர்கள் துடைத்து அடுக்கியிருந்தன. தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளாம். அவர் கொஞ்ச நேரம் கழித்துத்தான் சிரித்தார்.

போகும்போது கடையில் நின்று சொன்னார்: "எங்க வீட்டு விசேஷத்துக்கு இனிமே உங்க டம்ளர்தாங்க. கப்பா இருந்தா குப்பைக்குப் போயிருக்கும். இது ஊரைச் சுத்திட்டு என் கைக்கே வந்துச்சே."

பேச்சு பரவத்தான் செய்தது. சிரித்துக்கொண்டே டம்ளர் கேட்டு வந்தார்கள். செல்லம் இப்போது அடுத்த தெருவில் சொந்தமாகப் பாத்திரக் கடை வைத்திருக்கிறாள். என்னிடம் டம்ளர் போதாத நாளில் நான் அவளிடம்தான் வாடகைக்கு எடுக்கிறேன்.