சும்மா கிடந்த இடம்

கணினியில் சாம்ராஜ்யம் கட்டும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. யாராவது அந்தப் பேச்சை எடுத்தாலே எனக்கு இப்போது குமட்டுகிறது. விளையாட்டு என்ன செய்யும் பாவம் என்று பெரிய மனது பண்ணிச் சொல்லலாம்தான். வாய் வரவில்லை. அதன் மேலும் எனக்குக் கோபம்.

கற்றுக்கொடுத்தவன் என் தம்பி. சென்னைக் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று ஆனதும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு விருத்தாசலத்துக்கு, அம்மாவோடு இருக்க வந்துவிட்டான். நான் கல்யாணமாகி அதே ஊரில் கொஞ்சம் தள்ளி இருக்கிறேன். செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு பொம்மைக் கம்பெனியில் வேலை. களிமண் கூழை அச்சில் ஊற்றுவது, காய்ந்த பொம்மைக்குப் பிசிறு நீக்குவது, பூச்சு போடுவது எல்லாம் செய்வேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அம்மா வீடு. சாப்பிட்டு முடித்ததும் தம்பியும் நானும் ஒரே கணினியின் முன்னால் உட்கார்ந்து மாறி மாறி ஆடுவோம். என் முறை வந்தால் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், அவன் முறையில் நான்.

ஆட்டம் தொடங்கும்போது கையில் ஒன்றும் இருக்காது. ஒரு குடியேறிக் கூட்டம், காவலுக்கு ஒரு தடிக்காரன், சுற்றிலும் இருட்டு. திரை முழுக்கத் தேனடை மாதிரி கட்டங்கள். நடக்க நடக்கத்தான் இருட்டு விலகி ஆறும் மலையும் தெரியும். முதல் ஊரை எங்கே வைக்கிறோம் என்பதிலேயே பாதி ஆட்டம் தீர்ந்துவிடும். ஆற்றங்கரையில் வைத்தால் ஊர் சீக்கிரம் பெருகும், மேட்டில் வைத்தால் எதிரியைச் சமாளிக்கலாம். பிறகு அந்த ஊரிலிருந்தே புதுக் குடியேறிகளை உருவாக்கி அடுத்த ஊர், அதற்கடுத்த ஊர். அவர்கள் தயாராகிறவரை முதல் ஊர் வளராமல் வயிற்றைக் கட்டிக்கொண்டு கிடக்கும். அதற்காக மனம் இளகி நிறுத்தினால் நல்ல இடமெல்லாம் பக்கத்துக்காரனுக்குப் போய்விடும். ஒருவன் ஊர் வைத்துவிட்டால் சுற்றிலும் அவன் எல்லைக்கோடு விழும். அப்புறம் நாம் வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான்.

பொய் சொல்வானேன், எனக்கு இது பைத்தியமாகப் பிடித்துப்போனது. அச்சில் கூழை ஊற்றிக்கொண்டே அடுத்த ஊருக்கு இடம் தேடிக்கொண்டிருப்பேன்.

ஆனால் ஒரு பழக்கத்தை மட்டும் என்னால் விட முடியவில்லை. குடியேறிகள் தயாரானாலும் உடனே அனுப்ப மாட்டேன். இன்னொரு கூட்டம் வரட்டும், காவலுக்கு வில்லாட்கள் வரட்டும், எல்லாரும் சேர்ந்து போகட்டும் என்று ஊருக்குள்ளேயே உட்கார வைத்திருப்பேன். பேட்டையில் வேலை பார்க்கிற யாராக இருந்தாலும் இதைத்தான் செய்வார்கள். சூளை நிறையாமல் அங்கே யாரும் பற்ற வைப்பதில்லை. பாதிதான் அடுக்கியிருந்தாலும் முழுச் சூளைக்கு ஆகிற எரிவாயு ஆகும். அதனால் பூச்சு போட்ட பொம்மைகள் பலகையில் காத்துக் கிடக்கும், கடைசித் தட்டும் நிறைந்த பிறகுதான் கதவை மூடுவோம். வருஷக்கணக்காக அப்படி வேலை செய்த கைக்கு ஒற்றைக் குடியேறியைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை.

"ஏன்க்கா அதுங்கள சும்மா ஒக்கார வச்சிருக்க?" என்று தம்பி கேட்டான்.

"சேந்து போவட்டும்டா. ஒண்ணொண்ணா அனுப்புனா வீணாப் போயிடும்."

"நீ எப்பவுமே இப்டித்தான்க்கா" என்று சிரித்தான். பாசமான சிரிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா வீட்டுக்குப் பின்னால் ஒரு காலி மனை உண்டு. அதை அப்பா எனக்கென்று சொல்லிவிட்டுத்தான் போனார். அம்மாவும் தம்பியும் பக்கத்திலேயே இருந்தார்கள், தலையும் ஆட்டினார்கள். எழுதி வைக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் அதெல்லாம் அசிங்கம் என்று அப்போது நினைத்தோம். அந்த மனையில் சொந்தமாக ஒரு கொட்டகை, ஒரு சின்ன மின்சூளை, இதுதான் என் ஆசை. வேறு யாரோ விற்கிற பொம்மைகளுக்கு மூக்கும் முழியும் சரிசெய்து எனக்கு அலுத்துவிட்டது. என் பொம்மை என் சூளையில் வேக வேண்டும். வாழ்க்கையில் எனக்கென்று நான் கேட்டது அது ஒன்றுதான். மனையில் மண்டிக் கிடந்த சீமைக் கருவேலத்தை ஆள் விட்டு வெட்டினேன். அச்சுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கட்டிலுக்கடியில் அடுக்கினேன். கூரை, கரண்டு இணைப்பு, சூளை எல்லாம் கூடி வந்ததும் ஒரேயடியாகத் தொடங்கிவிடலாம் என்று இருந்தேன்.

இதையெல்லாம் உட்கார்ந்து யாரிடம் சொன்னேன்? அவனிடம்தான். ஆடிக்கொண்டே சொன்னேன். அவனும் அக்கறையாகக் கேட்டான்.

"கொட்டாய எந்தப் பக்கம் போடுவ? எப்ப ஆரம்பிப்பக்கா?"

"எல்லாம் கூடி வரட்டும்டா. தைக்கு மேல பாப்போம்."

த்தூ. என் முறையில் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டது எதற்கு? எட்டிப் பார்க்கத் தேவையே இல்லையே, நானே வாயைத் திறந்து கொட்டிக்கொண்டிருந்தேனே.

ஐப்பசிக் கடைசியில் ஒரு ஞாயிறு. என் ஊருக்குக் கிழக்கே ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு, வயலுக்கும் ஆகும், பக்கத்தில் இரும்பும் இருந்தது. அதற்கென்றே கூட்டங்களைச் சேர்த்து வைத்திருந்தேன். அவற்றைக் கிளப்பிய முறையில் பார்த்தால் ஆற்றோரத்தில் தம்பியின் கொடி பறக்கிறது. அவ்வளவு தூரத்திலிருந்து ஒரே ஒரு கூட்டத்தை, துணைக்கு ஆள்கூட இல்லாமல், என் மூக்குக்குக் கீழே அனுப்பி ஊர் வைத்துவிட்டான்.

"அது என் எடம்டா" என்றேன்.

"ஒன் எல்லைக்குள்ள வரலியேக்கா. சும்மா கெடந்துது, வச்சேன்."

என் குரல் ஏறிவிட்டது. அம்மா அடுப்படியிலிருந்து, "வெளாட்டுக்குப் போயி இவ்ளோ கோவமாடி?" என்றாள். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. சிரித்து மழுப்பினேன்.

அதற்கப்புறம் கார்த்திகை விளக்கு ஆர்டர்கள் குவிந்தன. ஞாயிற்றுக்கிழமையும் வேலை. அம்மா வீட்டுப் பக்கமே போகவில்லை. தீபம் முடிந்து ஓய்ந்த பிறகுதான் போனேன். துணி காயப் போட்டுத் தரலாம் என்று கொல்லைக் கதவைத் திறந்தேன். மனையில் கடைக்கால் எழும்பி, தூண் கம்பிகள் வரிசையாக நீட்டிக்கொண்டு நின்றன. காரை இறுகத் தூண் அடிகளில் ஈரச் சாக்கு சுற்றியிருந்தார்கள். என் கொட்டகைக்கென்று நான் மனதில் வைத்திருந்த மூலையில் செங்கல் குவிந்து கிடந்தது.

உள்ளே ஓடி வந்தேன். தம்பி கணினியைத் திறந்துகொண்டிருந்தான்.

"என்னடா அது பின்னாடி?"

"வூடுக்கா. மேல எனக்கு ஆபீஸ் ரூமு, கீழ வாடகைக்கு வுட்டுடலாம்."

"அப்பா எனக்குன்னு சொன்ன எடம்டா."

"சும்மாதானேக்கா கெடந்துது. நீ இன்னும் ஒண்ணுமே ஆரம்பிக்கலியே." அதே குரல், அதே முகம். என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. "ஒக்காரு, புதுசா ஒண்ணு போடுவோம். இந்தத் தடவ ஆத்தோரம் நீயே எடுத்துக்க."

அவன் இழுத்துப் போட்ட நாற்காலியைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. இவனையா இடுப்பில் தூக்கி வளர்த்தேன் என்று இருந்தது. அம்மாவிடம் போனேன். கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள்.

"நீயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லம்மா."

அரிவதை நிறுத்தாமலே சொன்னாள்: "சொல்லலன்னு சொல்லாத. பூஜ போட்ட அன்னிக்கே ஒனக்குப் பொங்கல் குடுத்து வுட்டமே. நீயும் சாப்ட்டியே."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் பக்கம் மனைபூஜைப் பொங்கல் வீடு தேடி வந்தால் சேதி வந்ததாகக் கணக்கு. வாங்கித் தின்றவள் பிறகு எனக்குத் தெரியாது என்று வாய் திறக்க முடியாது. நாளைக்கு உறவுக்காரர்களைக் கூட்டிப் பேசினாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

கார்த்திகை வேலை தலைக்கு மேல் இருந்த ஒரு நாள், தம்பி வண்டியில் கம்பெனி வாசலுக்கு வந்து ஒரு டப்பாவை நீட்டினான். "அம்மா குடுத்துச்சுக்கா" என்றான், வேறொன்றும் சொல்லவில்லை. ஏதோ கோயில் பிரசாதம் என்று நினைத்தேன். கையைக் கழுவிவிட்டு வந்து, விளக்குப் பலகைகளுக்கு நடுவில் உட்கார்ந்து தின்றேன். நெய்யும் முந்திரியுமாக அப்படி ஒரு ருசி. டப்பாவை விரலால் வழித்தேன். அதோடு விட்டேனா? அம்மாவுக்குப் போன் போட்டு, "சூப்பரா இருந்துதும்மா, மிச்சம் இருந்தா இன்னுங் கொஞ்சம் குடுத்து வுடு" என்றேன்.

சாயங்காலமே இன்னொரு டப்பா வந்தது. அதையும் தின்றேன்.