லாரியில் குடியிருந்த மே மாதம்

மழையில் நனைந்த தார்ப்பாயின் வாடையும், அதற்கடியில் மண்ணெண்ணெய் அடுப்பில் கொதித்த வரக்காப்பியின் மணமும் கலந்து வந்தால்தான், என் ஒன்பதாவது வயதில் நாங்கள் லாரியிலேயே குடியிருந்த அந்த மே மாதம் எனக்கு முழுதாக நினைவுக்கு வரும். அப்பா போர்ட் பிளேரின் ஹேடோ பகுதியில் ஒரு கான்டிராக்டரிடம் லாரி ஓட்டினார். புதிதாகக் குடியேறியவர்களின் கிராமங்களுக்குத் தகரமும் ஆணியும் கொண்டுபோய் இறக்கும் வேலை வந்தபோது, பின்பக்கம் மூங்கிலை வளைத்துத் தார்ப்பாய் கட்டி, பலகையில் இரண்டு படுக்கை அடித்து, அம்மாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அதற்கு ‘சல்தா கர்’ என்று பெயர் வைத்தார்கள், ஓடுகிற வீடாம்.

எனக்கு அது உல்லாசப் பயணம். அம்மாவுக்கு அப்படியில்லை. இருபது நாள் முன்னால்தான், பிறந்து ஒரு மாதமே ஆன என் தம்பி காய்ச்சலில் போயிருந்தான். அன்றிலிருந்து அவள் அழவுமில்லை, பேசவுமில்லை. பால் கட்டி நெஞ்சு வலித்தபோதும் பல்லைக் கடித்துக்கொண்டு பீச்சி மண்ணில் விட்டாள். “நாலு ஊரப் பாத்தா மனசு கொஞ்சம் ஆறும்” என்று அப்பா என்னிடம்தான் சொன்னார்.

பத்துபஸ்தியைத் தாண்டி, பெரார்கஞ்சையும் தாண்டி, காட்டுக்கு நடுவே செம்மண் சாலையில் போனோம். வெட்டிய அடிமரங்களுக்கிடையே புதிதாக நட்ட வாழைகளை நான் எண்ணிக்கொண்டே வர, அம்மா எதையும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள், சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, மழையில் ஒரு பெரிய மரம் சாலைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. வனத்துறை யானை வந்து இழுத்தால்தான் வழி.

பக்கத்து வங்காளிக் குடியிருப்பிலிருந்து ஒருவர் கைக்குழந்தையோடு ஓடி வந்தார். அவர் மனைவி மலேரியாவில் நினைவில்லாமல் கிடந்தாள்.

“தாதா, பச்சா பூக்கா ஹை. தூத் நஹி,” என்றார்.

அண்ணே, பிள்ளைக்குப் பசி, தாயிடம் பால் இல்லை என்கிறார். ஆட்டுப்பாலைக் கொடுத்தால் கக்கிவிடுகிறதாம். அழக்கூடத் தெம்பில்லாமல் அது முனகியது. அப்பா, அம்மா பக்கம் திரும்பப் பயந்து, விழுந்த மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அத இங்கிட்டுக் குடுங்க.”

அம்மாவின் குரல்!

“ஒன்னால ஆகுமா வள்ளி?” என்றார் அப்பா.

“பசிச்ச புள்ளைய வச்சுக்கிட்டு என்ன பேச்சு? குடுங்கன்னா குடுங்க.”

பிள்ளை குடிக்கக் குடிக்க, அம்மா என் தம்பியின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். பயந்துபோய் அவளிடம் ஓடிய என் கையை அப்பா பிடித்துக்கொண்டார். “அழட்டும், விடும்மா.”

மறுநாள் மதியம் வழி திறந்தது. ஒரு படுக்கையில் அந்தப் பெண்ணைக் கிடத்தினோம். அம்மா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, அவள் நெற்றியில் ஈரத்துணி மாற்றியபடி போர்ட் பிளேர் வரை தமிழிலேயே பேசிக்கொண்டு வந்தாள். “ஒம் மகன் நல்லாருக்கான். நீ மட்டும் எந்திரிச்சிரு, தாயி.” அவள் எழுந்துவிட்டாள். அவள் ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் பிள்ளை எங்கள் வீட்டில்தான் வளர்ந்தது. பிறகும் ஒவ்வொரு வருஷமும் அவனைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டிவிட்டுப் போவாள்.

இப்போது அந்தச் சாலையில் பஸ் ஒரு மணி நேரத்தில் போய்விடுகிறது. லாரி எப்போதோ துருப்பிடித்து மண்ணோடு போயிற்று. அப்பாவும் இல்லை, அந்த வங்காளி அம்மாளும் இல்லை. சென்ற வருஷம் அம்மாவும் போனாள். மகன் இல்லாதவளுக்கு யார் கொள்ளி வைப்பது என்று பெரியவர்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது, நரைத்த தலையோடு ஒருவர் முன்னால் வந்து சட்டையைக் கழற்றினார்.

“என்ன யோசனை, அக்கா? நான் இருக்கேன்ல,” என்றான் அந்தப் பிள்ளை.