வராத சிலிண்டர், வேகாத தோசை

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு நான்-ஸ்டிக் தவாவைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் தடதடவென்று இறங்கினேன். லிஃப்ட்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. கீழே ஒரு சமையலறையில் ஒரு கல்யாணமே நின்றுபோகும் நிலையில் இருந்தது – அப்படித்தான் நினைத்தேன்.

தவாவோடு போய் நின்றால், என்னை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சரி, ஒழுங்காகச் சொல்கிறேன். கொஞ்சம் உலக விவகாரத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

எங்கோ ஒரு கடலில் சண்டை. கப்பல்கள் நிற்கின்றன, சில சுற்றிக்கொண்டு போகின்றன. எனக்கு இதிலெல்லாம் ஆர்வம் உண்டு. உலகத்துக் கப்பல்களையெல்லாம் புள்ளி புள்ளியாகக் காட்டும் ஆப் ஒன்றை செல்போனில் வைத்திருக்கிறேன். சாயங்காலம் டீ குடிக்கும்போது எடுத்துப் பார்ப்பேன். அவ்வளவு பெரிய கப்பல் எறும்பு மாதிரி ஊர்வதைப் பார்ப்பதில் ஒரு சின்ன சந்தோஷம்.

இந்த முறை எறும்புகள் ஊரவில்லை. ஒரே இடத்தில் மொய்த்துக்கொண்டு நின்றன. நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. செகந்திராபாத் பக்கம், எங்கள் ஹப்சிகுடாவில் கடலா இருக்கிறது?

கடல் இல்லைதான். ஆனால் கப்பலில் வரும் கேஸை நம்பியிருக்கும் சிலிண்டர் இருக்கிறது. அதாவது... இருந்தது.

புக் செய்தால், பதிவாகிவிட்டது என்று மெசேஜ் டாணென்று வந்துவிடும். சிலிண்டர் வராது. எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் பூக்கள் எல்லாம் நின்றுபோய், 'யாரிடமாவது எக்ஸ்ட்ரா இருக்கிறதா?' என்ற கேள்வி மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது. இல்லாதவர்கள் இல்லை என்றார்கள். இருந்தவர்கள் அந்த மெசேஜையே பார்க்காதவர்கள் மாதிரி இருந்துவிட்டார்கள். குற்றம் சொல்ல மாட்டேன். என்னிடம் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். இல்லாததால், இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கிவிட்டேன்.

கீழ்த்தளத்து பத்மா ஆன்ட்டி வீட்டில் கேஸ் தீர்ந்தது வெள்ளிக்கிழமை. ஞாயிறு காலை டிபனுக்கு அவர் வீட்டில் விருந்தாளிகள். சாதாரண விருந்தாளிகள் இல்லை.

ஆன்ட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பூர்வீகம் ஆம்பூர் பக்கம். ஆனால் வெள்ளைக்காரர்கள் இருந்தபோதே குடும்பம் செகந்திராபாத்துக்கு வந்துவிட்டது. தமிழ், தெலுங்கு, ஹிந்தி மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் கலக்குவார். ஆமாம் என்பதற்கு 'ஹவ்', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ'. கணவர் ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர். ஒரே மகன் விக்னேஷ், சாஃப்ட்வேர். அவன் விரும்பும் பெண் ஸ்ராவணி, அதே ஆபீஸ், தெலுங்குக் குடும்பம், ஏ.எஸ்.ராவ் நகர். வரப்போவது ஸ்ராவணியின் அப்பாவும் அம்மாவும்.

இது இரண்டாவது வருகை. முதல் தடவை வந்தபோது எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. சாப்பிட்டார்கள், சிரித்தார்கள், போனார்கள். அதற்குப் பிறகு அங்கிருந்து சத்தமே இல்லை. கேட்டால், 'யோசிக்கிறோம்.' எதை யோசிக்கிறார்கள்? ஸ்ராவணியிடமும் சொல்லவில்லை. அவள் அழுது புரண்டதில், இன்னொரு தடவை மட்டும் வந்து பார்க்கச் சம்மதித்திருந்தார்கள். அப்போதும் மனசு ஒப்பவில்லை என்றால் வேறு இடம் பார்ப்பதாகப் பேச்சு.

இதையெல்லாம் விக்னேஷ் என்னிடம் லிஃப்ட்டில் சொன்னான். எப்போதும் ஹெட்போனும் கையுமாகத் திரிகிறவன், அன்றைக்கு வெறும் காதோடு நின்றான்.

"லாஸ்ட் சான்ஸ், அக்கா. அம்மா ரொம்ப டென்ஷனா இருக்காங்க. ஏதாவது ஹெல்ப் பண்ணுங்க."

அவனுக்குக் காரணம் தெரியவில்லை. ஆனால் ஆன்ட்டிக்குத் தெரிந்திருந்தது – அப்படி அவர் உறுதியாக நம்பினார். காரணம் சாப்பாடுதான். போன தடவை தேங்காய்ச் சட்னி நீர்த்துவிட்டது. பெண்ணின் அப்பா இன்னொரு தோசை கேட்கக் கூச்சப்பட்டு எழுந்துவிட்டார். இந்தத் தடவை ஒரு குறையும் இருக்கக் கூடாது. கல்லில் இருந்து எடுத்தது எடுத்தபடி, ஒவ்வொன்றாக, மொறுமொறுவென்று தட்டில் விழ வேண்டும்.

சிலிண்டர் இல்லாத வீட்டில்!

இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் வியாதி தெரியும். பிரச்னை என்று ஒன்று வந்தால் முதலில் லிஸ்ட் போடுவேன். தொழில் அப்படி. எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் டெஸ்டிங் வேலை – பிறர் செய்து கொடுத்ததை எப்படியெல்லாம் கெடுக்கலாம் என்று யோசிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறேன். அன்றைக்கும் போட்டேன். ஹோட்டலில் இருந்து வரவழைக்கலாம். மேலே என் வீட்டில் இட்லி ஊற்றலாம். என் இண்டக்‌ஷன் அடுப்பைக் கொண்டுவந்து அதிலேயே தோசை சுடலாம்.

ஹோட்டல் தோசையா? அதற்கு அவர்களை ஹோட்டலுக்கே கூப்பிட்டிருக்கலாமே என்றார் ஆன்ட்டி. நியாயம்.

இட்லிதான் சரியான வழி என்று எனக்குப் பட்டது. ஒரே ஈடு, ஹாட்பேக்கில் போட்டு மூடிவிட்டு நிம்மதியாக உட்காரலாம். ஆன்ட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நக்கோம்மா. இட்லிய அடுக்கி வெச்சிட்டு நானும் சோபால போய் உக்காந்துட்டா, அது விருந்தா?"

ஆக, மூன்றாவது வழி. சனிக்கிழமை முழுக்க ஆன்ட்டி வீட்டுப் பாத்திரங்களோடு இருந்தேன். இண்டக்‌ஷன் அடுப்புக்குக் காந்தம் ஒட்டுகிற பாத்திரம் வேண்டும். ஃப்ரிட்ஜில் இருந்த பொம்மைக் காந்தத்தைக் கழற்றி ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்தேன். அலுமினியம் போச்சு. பித்தளை போச்சு. சாம்பார் குக்கர் பாஸ். பழைய இரும்பு வாணலி பாஸ். ஆன்ட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற தோசைக்கல் – நல்ல கனமான வார்ப்பிரும்பு – அதுவும் பாஸ். காந்தம் டக்கென்று ஒட்டியதும் ஆன்ட்டி கண்ணை மூடிக் கும்பிட்டார். நடுவில் தண்ணீர் தெளித்துப் பார்த்தோம். சுர்ர் என்றது. வெற்றி.

என் நான்-ஸ்டிக் தவாவையும் ஒரு பாதுகாப்புக்கு வைத்துக்கொள்ளலாமே என்றேன். அதில் வருவது தோசை இல்லை, அட்டை என்றார். பேசாமல் மேலே வந்துவிட்டேன்.

ஞாயிறு. அவர்கள் ஸ்ராவணியோடு வந்தார்கள். அப்பா ராமாராவ் காரு – தெலுங்கில் மரியாதைக்குச் சேர்ப்பது 'காரு' – அதிகம் பேசாத மனிதர். அம்மா விஜயா காரு, பட்டுப்புடவை, நேரான பார்வை. நான் 'கிச்சன் டெக்னிக்கல் சப்போர்ட்' என்ற முறையில் உள்ளே நின்றேன். ஹாலில் அங்கிள் ரயில்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். விக்னேஷும் ஸ்ராவணியும் எதிரெதிர் மூலையில், இன்டர்வியூவுக்கு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். ஆன்ட்டி ஒரு நமஸ்காரம் சொல்லிவிட்டு விறுவிறுவென்று சமையலறைக்குள் வந்து முந்தானையைச் செருகிக்கொண்டார்.

முதல் தோசை. நடுவில் ஒரு வளையம் கரேலென்று கருகியது. ஓரமெல்லாம் வெள்ளை மாவு, வேகவே இல்லை.

இரண்டாவது? அதே.

குனிந்து பார்த்தேன். புரிந்தது. வருஷக்கணக்காக நெருப்பில் இருந்த கல், அடிப்பக்கம் லேசாகப் புடைத்திருந்தது. கேஸ் அடுப்பில் நெருப்பு எல்லாப் பக்கமும் போய் நக்கும். புடைப்பு ஒரு பொருட்டே இல்லை. இந்த அடுப்பின் கண்ணாடித் தட்டில் அது குந்தவில்லை, ஆடியது. கல்லோ பெரியது, அடுப்புக்குள் சூடாக்கும் கம்பிச் சுருளோ சிறியது. நான் எங்கே தண்ணீர் தெளித்துப் பார்த்தேன்? நடுவில். நடுவில் மட்டும். எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பெண் இப்படி ஒரு டெஸ்ட் செய்திருந்தால், அரை மணி நேரம் கிளாஸ் எடுத்திருப்பேன்.

மூன்றாவது தோசையின்போது அடுப்பு பீப் பீப் என்று கத்திவிட்டுத் தானாக அணைந்தது. ஆன்ட்டி கரண்டியை மாவிலேயே விட்டுவிட்டு நின்றார். கண் கலங்கிவிட்டது.

"போச்சும்மா. இதுக்கு மேல என்னத்த சொல்லுவேன் அவங்ககிட்ட?"

தவாவை எடுத்து வருகிறேன் என்று மேலே ஓடினேன். வீட்டுச் சாவியைத் தேடியது, தவாவைத் தேடியது, அதிலிருந்த நேற்றைய முட்டைப் பிசுக்கைக் கழுவியது... எல்லாம் சேர்ந்து கொஞ்ச நேரமாகிவிட்டது.

திரும்பி வந்தபோதுதான், முதலில் சொன்னேனே, என்னை யாரும் பார்க்கவில்லை. ஏனென்றால் சமையலறையில் விஜயா காரு நின்றுகொண்டிருந்தார். பட்டுப்புடவை இடுப்பில் செருகப்பட்டிருந்தது.

பீப் சத்தத்தையும் கருகல் வாசனையையும் தாங்க முடியாமல் உள்ளே வந்திருக்கிறார். ஆன்ட்டி பதறிப்போய், நீங்கள் ஹாலில் உட்காருங்கள் என்று தடுத்திருக்கிறார். அவர் கேட்டால்தானே? தண்ணீர் விட்டுக் கரைக்காத கெட்டி மாவு இன்னொரு பாத்திரத்தில் இருப்பதைப் பார்த்திருக்கிறார். இரும்பு வாணலியைத் தட்டிப் பார்த்திருக்கிறார். அடி தட்டையாக, சின்னதாக, அடுப்பில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. எண்ணெய் தாராளமாக விட்டு, மாவு மொத்தத்தையும் ஒரே ஊற்றாக ஊற்றி, மூடி போட்டு, சூட்டைக் குறைத்துவிட்டார். திப்ப ரொட்டி. ஆந்திரா பக்கத்து வீடுகளில் காலை டிபனுக்குச் செய்வது. உள்ளங்கைத் தடிமனுக்கு இருக்கும். வெளியே முறுகலாக, உள்ளே இட்லியாக.

ஆனால் அதற்கு அவசரமே ஆகாது. மெதுவாகத்தான் வேகும்.

இதைக் கவனியுங்கள். தோசை என்றால் சுடுகிறவர் நகர முடியாது. ஊற்று, திருப்பு, எடு, ஓடு. திப்ப ரொட்டிக்கு மூடி போட்ட பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. இரண்டு பெண்கள், ஒரு வாணலி. பேசாமல் எவ்வளவு நேரம்தான் நிற்பது?

நான் வாசலில் தவாவோடு நின்றேன். விஜயா காரு தெலுங்கில்தான் கேட்டார். தமிழில் தருகிறேன்.

"தப்பா நெனக்காதீங்க. போன தடவை நீங்க எங்ககூட ஒரு வார்த்தை பேசலை. சாப்பிட்டுக் கிளம்பற வரைக்கும் உள்ளேயே இருந்துட்டீங்க. பையனோட அம்மாவுக்கு எங்க பொண்ணு பிடிக்கலை போலன்னு வீட்ல பேசிக்கிட்டோம்."

ஆன்ட்டியும் தெலுங்கிலேயே சொன்னார்.

"பிடிக்காதவங்களுக்கு யாராவது ஒண்ணொண்ணா தோசை சுட்டுப் போடுவாங்களா?"

விஜயா காரு அவரையே பார்த்தார். சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. ஆன்ட்டிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மூடியைத் திறக்கப் போனார். விஜயா காரு அவர் கையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார்.

"அப்புறம் திறக்கலாம், வதினா."

வதினா என்றால் நம் அண்ணி. தெலுங்கு வீடுகளில் சம்பந்தி அம்மாக்கள் ஒருவரை ஒருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த ஆன்ட்டிக்கு இதை யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. கதவோரம் எப்போது வந்து நின்றாளோ, ஸ்ராவணி என் கையை இறுக்கிப் பிடித்தாள். தவா கீழே விழாமல் பார்த்துக்கொண்டேன். அன்றைக்கு நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

யோசித்துப் பார்க்கிறேன். ஆன்ட்டிக்கு மரியாதை என்றால் அடுப்பு முன்னால் நிற்பது. அவர்களுக்கு மரியாதை என்றால் பக்கத்தில் வந்து உட்காருவது. இரண்டு பேரும் சரி. இடையில் ஒரு தோசைக்கல். நானோ, காந்தமும் கையுமாக அந்தக் கல்லைச் சூடாக்குவது எப்படி என்று ஒரு நாள் முழுக்க ஆராய்ச்சி செய்திருக்கிறேன். கேள்வியே அது இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்குக் கொடுத்த பிரச்னையைத்தானே நான் தீர்ப்பேன்? டெஸ்டிங் வேலையில் இருக்கிற எல்லாரும் சொல்கிற சாக்கு இது. அதிலும், அந்தப் பிரச்னையையும் நான் தீர்க்கவில்லை என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

சண்டையால் நல்லது நடந்தது என்றெல்லாம் சொல்லிவிட மாட்டேன். அந்தக் கப்பல்களில் இருக்கிறவர்களுக்கும் வீடு இருக்கும், அங்கேயும் யாராவது காத்துக்கொண்டிருப்பார்கள். கேஸ் இருந்திருந்தால் ஆன்ட்டி அன்றைக்கும் தோசை சுட்டுக்கொண்டே இருந்திருப்பார் என்பது மட்டும் நிச்சயம்.

ரொட்டியைக் கேக் மாதிரி வெட்டினார்கள். எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே நேரத்தில் சாப்பிட்டோம். இஞ்சிப் பச்சடியோடு அந்த முறுகல் ஓரம் இருக்கிறதே... அதைப் பற்றித் தனியாகவே ஒரு பத்தி எழுதலாம். அதுவரை ஒன்றுமே பேசாமல் இருந்த ராமாராவ் காரு, இன்னொரு துண்டு வேண்டும் என்று அவராகவே கேட்டு வாங்கினார்.

முகூர்த்தத்துக்கு நாள் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். பெண் வீட்டார் போட்டிருப்பது ஒரே ஒரு நிபந்தனை.

கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் அம்மா அடுப்புப் பக்கமே போகக் கூடாது.