பவளக்கால் உள்ளானுக்கு ஒரு பாடு

1968ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலில் முதல் பூசைக்குப் போய்வந்தேன். சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். பேனாவைக் கழுவி மை நிரப்பினேன். மறுநாள் வேலைக்குப் போட வேண்டிய சட்டையைத் தேய்த்து ஆணியில் மாட்டினேன். ஞாயிறு காலையில் இவற்றை இதே வரிசையில் செய்வது என் வழக்கம். கடிகாரத்துக்கு முன்னால் பேனாவைத் தொட்டால் வாரம் முழுவதும் ஏதோ கோணலாகவே போவதுபோல் இருக்கும். இதைச் சொல்லிச் சொல்லி என் மனைவி சிரிப்பாள்.

சட்டையை மாட்டியதும் எண்ணூருக்குக் கிளம்ப வேண்டும். பெரம்பூர் ரயில் பட்டறையில் நான் குமாஸ்தா. என் நண்பன் அதே பட்டறையில் பெயிண்டர்; இராயபுரத்தில் எங்களுக்கு அடுத்த தெரு. நூலகத்தில் பறவைப் புத்தகம் ஒன்று அவன் கையில் கிடைத்ததிலிருந்து எண்ணூர் உப்பங்கழியைச் சுற்ற ஆரம்பித்திருந்தான். "சினிமாவுக்குக் கூப்ட்டா வர மாட்ட, சீட்டாட மாட்ட. கொக்கு பாக்கவாச்சும் வா மாமு" என்று என்னையும் இழுத்தான். தொந்தரவு தாங்காமல்தான் முதலில் போனேன். இரண்டு ஆண்டுகளில், அவன் வர முடியாத ஞாயிறுகளில்கூடத் தனியாகப் போகிறவனாகிவிட்டேன்.

கழியில் கற்றுக்கொள்ள நிறைய இருந்தது. கண்டல் செடியைச் சுற்றிப் பென்சில் நட்டதுபோல் சேற்றிலிருந்து நிமிர்ந்து நிற்பவை அதன் வேர்கள். உமிரிப் பூண்டைக் கிள்ளி வாயில் போட்டால் உப்புக் கரிக்கும். முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறும்போது பறவைகள் ஓரத்துக்கு ஒதுங்கும். வடிய ஆரம்பித்ததும் அவரவர் மூக்கு நீளத்துக்கு ஏற்ற ஆழத்தில் இறங்கிவிடும். ஒன்றை ஒன்று இடிப்பதில்லை. பட்டறையில் சாப்பாட்டு மணி அடித்தால் நாங்கள் அப்படி இருப்பதில்லை.

அன்று நீர் வடிந்திருந்தது. கழியின் நடுவிலுள்ள சேற்றுத் திட்டுக்கு முழங்கால் ஆழத்தில் நடந்தே போனோம். முன்னால் சென்ற நண்பன் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டான்.

"அப்டியே நில்லு. கால கீழ வெக்காத" என்றான் என்னிடம்.

அவன் பாதம் இறங்க வேண்டிய இடத்தில் நான்கு முட்டைகள். சேற்று நிறம், கரும்புள்ளிகள். உடைந்த கிளிஞ்சலும் காய்ந்த உமிரிக் குச்சியும் பரப்பிய சிறு குழி, அவ்வளவுதான் கூடு. தலைக்கு மேல் இரண்டு பறவைகள் கத்திக்கொண்டு சுற்றின. கறுப்பு இறக்கை, வெள்ளை வயிறு, பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் செந்நிறக் கால்கள். பவளக்கால் உள்ளான் என்றான் நண்பன். எங்கள் காலடித் தடங்களிலேயே பின்வாங்கி, தள்ளி நின்று பார்த்தோம். ஒன்று இறங்கி வந்தது. அந்த நீண்ட கால்களைத் தச்சர்களின் மடக்கு அளவுகோலைப் போல மடித்து முட்டைமேல் அமர்ந்தது.

திட்டில் மனிதக் காலடிகளும் வலை இழுத்த தடமும் இருந்தன. அடுத்து வருகிறவன் குனிந்து பார்த்து நடப்பான் என்று என்ன உறுதி? நண்பன் பையிலிருந்து ஒரு சிவப்புத் துணியை எடுத்தான். பட்டறையில் ரயில் பெட்டிக்கு அடியில் வேலை செய்கிறவன் வெளியே சிவப்புக் கொடி மாட்டிவைப்பான். மாட்டியவனே வந்து எடுக்கும்வரை எந்த அதிகாரி சொன்னாலும் பெட்டி நகராது. கூட்டுக்குச் சற்றுத் தள்ளி ஒரு குச்சியை நட்டுத் துணியைக் கட்டினான். "இனிமே ஒருத்தன் வர மாட்டான்" என்றான்.

கரைக்குத் திரும்பிக் கண்டல் நிழலில் தயிர்ச்சோற்றைப் பிரித்தோம். பாதிச் சாப்பாட்டில் ஒரு படகு வேகமாக வந்தது. முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். பின்னால் அவள் புருஷன் கோல் ஊன்றிக்கொண்டிருந்தான்.

"எவன்டா அவன்? நாளைக்கு எங்க பாடு. அதுல கொடி நட்டவன் எவன்?"

முகத்துவாரக்குப்பத்து மீனவர்கள் எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை விடுவது என்று முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். திட்டில் சிவப்புத் துணி கட்டினால், இந்த இடம் என்னுடையது என்று பொருளாம். அது எங்கள் இருவருக்கும் தெரியாது.

படகு நெருங்கியதும் அவளை அடையாளம் கண்டேன். எங்கள் தெருவில் இறால் விற்கிறவள். அவளும் என்னைக் கண்டுகொண்டாள்.

"அய்ய, ராயபுரத்து நைனா! நீயா? எங்கிட்ட எறா வாங்கித் துன்னுட்டு எங்க எடத்துலயே கொடி நடுறியா?"

"யக்கா, அது அபாயத்துக்கு வெக்கிற கொடி. யாரும் கிட்ட வரக் கூடாதுன்னு" என்றான் நண்பன்.

"யாரும் வரக் கூடாதுன்னா இன்னா அர்த்தம்? உன் எடம்னுதானே?"

"அவுங்கள சோத்தத் துன்ன வுடு" என்றான் புருஷன். "அப்பால சண்ட போடு."

முட்டைகளைக் காட்ட அழைத்துப் போனோம். நாங்கள் நெருங்கியதும் பறவை எழுந்து சற்றுத் தூரம் ஓடி, இறக்கை ஒடிந்ததுபோல் சேற்றில் விழுந்து புரண்டது.

"அடிபட்டுகினு கீது பாவம்" என்றான் புருஷன்.

நடிப்பு என்று நண்பன் விளக்கினான். நம் கவனத்தை முட்டையிலிருந்து அந்தப் பக்கம் இழுக்கிறது.

அவள் இடுப்பில் கைவைத்து அதையே பார்த்தாள். "நானுந்தான் செய்றேன். மார்க்கெட்டாண்ட எவனாச்சும் கூடையப் புடுங்க வந்தா, கூடைய வுட்டுட்டு அந்தாண்ட போயி நின்னு கத்துவேன். அல்லாரும் என்னப் பாப்பான். கூட தப்பிச்சிக்கும்."

ஆனால் விடிந்தால் அவள் பாடு. பிடித்த இறாலை இந்தத் திட்டில் கொட்டித்தான் பாசியையும் நண்டையும் பொறுக்கிப் பிரிப்பார்கள். நான்கைந்து பேர் மிதிக்கிற இடத்தில் நான்கு முட்டைகள் தப்பாது. திட்டை விட்டால் அக்கரைதான்.

"அக்கரைக்குப் படகு போவாது. கூடையத் தூக்கிகினு முட்டிச் சேத்துல போவணும். வலைய வுட்டு எங்காளுங்க கை எடுக்க முடியாது. லேட்டாச்சுன்னா வண்டி பூடும். வெயில்ல எறா செவந்து பூடும். அந்த எறாவ நீ வாங்குவியா நைனா?"

யோசித்துப் பார்த்தேன். "வாங்க மாட்டேன்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "பொய் சொல்லத் தெரியல பாரு இதுக்கு!" பிறகு கொடியைப் பார்த்தாள். "நட்ட கொடிய நட்டவன்தான் புடுங்கணும். அது எங்க வயக்கம்."

"எங்க பட்டறையிலயும் அதான் யக்கா!" என்றான் நண்பன், சொந்தக்காரரைக் கண்டுபிடித்தவன்போல.

"அப்போ திட்டு அதுக்கு, தண்ணி எனக்கு. நாளைக்கு அக்கரைக்குக் கூட தூக்க நீங்க ரெண்டு பேரும் வாங்க. எனக்கப்பால வர்றது என் நாத்தனா பாடு. அவகிட்ட நான் பேசிக்கிறேன். என் வாயிக்கு அவ பயப்படுவா."

நண்பன் உடனே தலையாட்டினான். நாளை திங்கள்கிழமை. முன்கூட்டி எழுதிக் கொடுக்காமல் நான் ஒருநாளும் விடுப்பு எடுத்ததில்லை. தேய்த்து மாட்டிய சட்டை நினைவுக்கு வந்தது.

"இன்னா நைனா, குருவிக்கு வக்காலத்து வாயில மட்டுந்தானா?"

வருகிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "கடிகாரத்துக்கு முந்தி பேனாவத் தொட்டுட்டீங்களா?" என்றாள். விடுப்புக் கடிதத்தில் காய்ச்சல் என்று எழுதலாமா என்று யோசித்தேன். சொந்தக் காரியம் என்றே எழுதி, எதிர்வீட்டில் இருந்த எங்கள் பிரிவுக்காரரிடம் கொடுத்தேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக, ஆணியில் இருந்த சட்டையைத் தொடாமல், பழைய வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் வண்டிக்கு ஓடினேன். வெளுக்கும்போது கழியில் நின்றோம். திட்டில் கொடி இருந்தது. அதன் அருகே கால்களை மடித்துப் பறவை உட்கார்ந்திருந்தது. "வேடிக்க பாக்கவா வந்த? புடி" என்று படகிலிருந்து அவள் குரல் வந்தது. கூடையின் ஒரு காதை நண்பன் பிடித்தான், மறு காதை நான் பிடித்தேன். திட்டைச் சுற்றிக்கொண்டு சேற்றில் இறங்கினோம்.