ஐந்து நிமிடம் நிற்காமல்

எண்பதுகளின் நடுப்பகுதியில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு மருத்துவமனையில் இரத்த ஓட்டத்தை அளக்கும் பணியில் இருந்தேன். என் கருவி தடித்த பேனா அளவினது. அதன் நுனியைக் களிம்பு தடவிய தோலின்மீது வைத்தால், மீயொலி உள்ளே சென்று ஓடும் இரத்தத்தில் பட்டுத் திரும்பி, ஒலிபெருக்கியில் 'உஷ், உஷ்' என்று கேட்கும். கணுக்காலில் அழுத்தப்பட்டையைக் கட்டி, அவ்வொலி அடங்கும்வரை காற்றேற்றிப் பிறகு மெல்ல இறக்குவேன். ஒலி மீண்டும் எழும்போது மானி காட்டுவதே காலின் அழுத்தம். அது கையின் அழுத்தத்தைவிட நன்கு குறைந்திருந்தால், மேலே எங்கோ தமனி குறுகியிருக்கிறது என்று பொருள்.

ஒரு காலையில், ஓய்வுபெற்ற இரயில் பயணச்சீட்டுப் பரிசோதகர் ஒருவர் மனைவியுடன் வந்தார். நடந்தால் இடது கெண்டைக்கால் இறுகி வலிக்கிறது என்பது அவர் முறையீடு. மனைவியோ அதை நம்பவில்லை. தாதியரை அழைப்பதுபோல் என்னையும் 'மிஸ்ஸி' என்றே அழைத்தார்.

"பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகச் சொன்னா மட்டும் வலிக்கும் மிஸ்ஸி. காப்பிக் கடைக்குப் போறப்போ ஒன்னும் இருக்காது."

"காப்பிக் கடை பக்கத்துல இருக்குலா," என்றார் பரிசோதகர், சிரித்துக்கொண்டே.

படுக்க வைத்து அளந்தேன். கைக்கும் காலுக்கும் வேறுபாடில்லை.

"நாளையிலேருந்து பாசார் கூடை உங்க கையிலதான்," என்றார் அம்மையார்.

பரிசோதகர் மறுபடியும் சிரிக்க முயன்றார், முகம் ஒத்துழைக்கவில்லை. சீட்டில்லாப் பயணிகளின் சாக்குகளைக் கேட்டே காலம் கழித்தவரை, இப்போது அவர்களுள் ஒருவராக்கி நிறுத்தியிருந்தது என் கருவி.

ஆனால் ஆய்வு அத்துடன் முடிவதில்லை. ஓய்வில் இருக்கும் காலுக்குக் குறுகிய தமனியும் போதிய இரத்தம் கொடுத்துவிடும். தசை உழைத்துக் கூடுதலாகக் கேட்கும்போதுதான் குறை வெளிப்படும். எங்களிடம் நடைப்பொறி இல்லாமையால், தாழ்வாரத்தில் ஐந்து நிமிடம் நிற்காமல் நடந்து வரும்படி அவரை அனுப்பினேன்.

அது நடவாத காரியம் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெஞ்சுகளில் காத்திருந்தோரில் பாதிப்பேர் அவருடைய வண்டியில் பயணம் செய்தவர்கள். ஒருவரிடம் மகளின் திருமணத்தை விசாரித்தார். மற்றொருவரிடம் கிள்ளானில் கட்டும் வீட்டைப் பற்றி. தெரிந்தவரை நின்று நலம் கேளாமல் கடந்து செல்வது எங்கள் வட்டாரத்தில் பெருங்குற்றம். அவர் கேட்ட ஒவ்வொரு நலத்திலும் கால் இளைப்பாறிக்கொண்டது. திரும்பி வந்தபோது அளவு முன்போலவே இருந்தது.

"நான் அப்பவே சொல்லல?" என்றார் அம்மையார்.

"இந்தத் தடவ நீங்களும் கூடப் போங்கம்மா. யார்கிட்டயும் பேச விடாதீங்க."

அம்மையார் முன்னே நடந்தார். வணக்கம் சொல்ல எழுந்த கைகளுக்கெல்லாம் தாமே விடை கொடுத்தார்: "ஐயாவுக்குப் பரீட்சை நடக்குது. அப்புறம் பேசுவாரு." மூன்றாவது சுற்றில் பரிசோதகர் இடக்காலை இழுத்தார். நான்காவதில் தூணைப் பிடித்துக்கொண்டார். உடனே படுக்க வைத்துக் கணுக்காலில் கருவியை வைத்தேன். ஒலியே எழவில்லை.

"மெஷின் கெட்டுப்போச்சா மிஸ்ஸி?"

வலக்காலில் வைத்துக் காட்டினேன், உரக்க ஒலித்தது. மீண்டும் இடக்காலில் வைத்தேன், நிசப்தம். சில நிமிடங்கள் சென்றபின்னரே மெல்லிய இரைச்சல் ஒன்று வந்து சேர்ந்தது. அதுவரை அம்மையார் அந்தக் காலைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"வலிக்குதுன்னு சொல்லியிருக்கலாம்லா."

"சொன்னேனே."

"சிரிச்சிக்கிட்டுல்ல சொன்னீங்க."

அளவுகளைப் பார்த்த மருத்துவர், சுருட்டுப் பிடிப்பதை விடச் சொன்னார். நாள்தோறும் வலிக்கும்வரை நடந்து, நின்று, வலி தணிந்ததும் மறுபடி நடக்க வேண்டும். அறுவை இப்போதைக்குத் தேவையில்லை.

"கேட்டியா? நின்னு நின்னு போறதுதான் மருந்தாம்," என்றார் பரிசோதகர் மனைவியிடம்.

"நிக்கிறதுதான் மருந்து. பேசுறது இல்ல."

அவர்கள் சென்றபின் சன்னல் வழியே பார்த்தேன். சேலைக் கடையருகே பரிசோதகரின் நடை தளர்ந்தது. அவர் நிற்பதற்கு முன்பே அம்மையார் நின்று, கண்ணாடிக்குப் பின்னிருந்த சேலையொன்றை நெடுநேரம் ஆராயத் தொடங்கினார்.