பரிசல்காரரின் விளக்கு

பெருந்துறைக்கு அருகே ஓர் எடைமேடைக்கு நூல் லாரியோடு போயிருந்தேன். அங்கே வேலை பார்த்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும், ஐம்பதை ஒட்டி. சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். ஒவ்வொரு ஓட்டுநரிடமும் "எடை போடட்டுங்களா?" என்று கேட்ட பிறகே பொத்தானை அழுத்துவார். லாரி இறங்கியதும் கணினியில் ஒரு பழைய சாகச விளையாட்டுக்குத் திரும்பிவிடுவார்.

நானும் வீட்டில் ஆடிவந்த, ஐந்தே பாகங்கள் கொண்ட சின்ன ஆட்டம் அது. பொருட்களைச் சேகரித்து, கதையில் வருபவர்களிடம் பேசி முன்னேற வேண்டும். இதிலெல்லாம் நான் கெட்டிக்காரன். ஆனாலும் இரண்டாம் பாகத்தில், ஆற்றங்கரையில் இரண்டு வாரமாக நின்றுகொண்டிருந்தேன். அவரோ நான்காம் பாகத்தில் இருந்தார்.

மேசையில் கிடந்த பேனாவை எடுத்து எடைச்சீட்டில் கையெழுத்துப் போட்டேன்.

"ஏனுங்க, அந்தப் பரிசல்காரர் என்னை அக்கரைக்குக் கூட்டிட்டுப் போகவே மாட்டேங்கறாருங்க. ஆட்டத்துலதான் ஏதோ கோளாறாட்ட இருக்குதுங்க."

"கோளாறெல்லாம் இல்லீங்க," என்றார், திரையிலிருந்து கண்ணெடுக்காமல். "அவரு ஊட்டுச் சொவத்துல ஒரு விளக்குத் தொங்குமுங்க. அதை அவரைக் கேக்காம எடுத்துப்போட்டீங்க. கேட்டா அவரே குடுப்பாருங்க."

எடுத்தது உண்மைதான். இத்தகைய ஆட்டங்களில் கண்ணில் பட்டதையெல்லாம் எடுப்பதுதானே வழக்கம்?

"கேக்காம எடுத்தேன்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

முதல்முறையாக என் பக்கம் திரும்பினார். என் சட்டைப்பையைப் பார்த்தார். அவருடைய பேனா அங்கே இருந்தது.