தஞ்சாவூருக்குச் சும்மா போன மூன்று நாள்

அரசாங்கம் வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுத்துக்கொண்டிருந்த சமயம். குடவாசலில் போட்ட முகாமில் என் மார்பைப் படம் எடுத்தார்கள். வலி இல்லை, கட்டி இல்லை. ஆனாலும் இடது பக்கத்தில் சந்தேகம் என்று தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள்.

டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கறுப்புக்குள் வெள்ளையாகக் குருணை சிந்தினமாதிரி இருந்தது. மழைக்கு முந்தின நாள் வானத்தில் அங்கொன்றும் இங்கொன்றும் தெரியுமே நட்சத்திரம், அந்த மாதிரியும் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னதைப் பாதி விட்டுவிட்டேன்.

"இது புத்துநோயோட முதல் படிம்மா. பால் குழாயை விட்டு வெளிய வரல. அப்படியே விட்டா வரலாம், வராமலும் போகலாம். யாராலயும் சொல்ல முடியாது" என்று மறுபடி சொன்னார்.

வழி இரண்டு. மார்பை முழுதாக எடுத்துவிடலாம். அநேகமாக அதோடு வைத்தியம் முடிந்தது. இல்லை, அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டு ஐந்து வாரம் தினமும் கரண்டு வைக்க, அதாவது கதிர் பாய்ச்ச, வரவேண்டும். ஆயுசு இரண்டிலும் ஒன்றுதானாம். மார்பை வைத்துக்கொண்டால் அதிலேயே திரும்ப வருகிற பயம் கொஞ்சம் கூடுதல். வருஷா வருஷம் படம் எடுக்கவேண்டும்.

"ஒண்ணும் செய்யாம பாத்துக்கிட்டே இருந்தா?" என்று கேட்டேன்.

"எங்கம்மாவா இருந்தா விடமாட்டேன். அவசரமில்ல, ரெண்டு மூணு வாரம் யோசிங்க."

என் மகள் பள்ளிக்கூட டீச்சர். வீட்டுக்கு வந்ததும் அவள் முடிவு செய்துவிட்டாள்.

"எடுத்துடலாம்மா. இந்த வயசுல அது எதுக்கு?"

"உன் மூக்குத்தி எதுக்குடி? அது இல்லாமலும் பாடம் நடத்தலாமே."

கோபத்தில் அவளிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னேன். இப்போது டிவி கொடுக்கிற கட்சி முதல்முதலாக ஆட்சிக்கு வந்த புதிதில், கூலி நெல் அரைப்படி கூடக் கேட்டு நாங்கள் அறுவடைக்கு இறங்க மறுத்தோம். பொம்பளைகளையும் லாரியில் ஏற்றி ஜெயிலில் போட்டார்கள். இவள் கைக்குழந்தை. பக்கத்தில் இருந்தவளுக்குப் பயத்தில் பால் வற்றிவிட்டது. வெளியே விடும்வரை இடது பக்கம் இவளுக்கு, வலது பக்கம் அவள் பிள்ளைக்கு.

கேட்டுவிட்டு மகள், "அதுக்காக அதுக்குப் பென்ஷனா குடுக்க முடியும்?" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சொன்னது நியாயந்தான். ஜெயிலுக்குப் போன கதை வைத்தியத்துக்குக் காரணம் ஆகாது.

எனக்கு இரண்டாம் வகுப்புப் படிப்பு. ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை எழுத்துக்கூட்டிப் படித்தும் ஒன்றும் விளங்கவில்லை. எதையும் செய்து பார்த்தால்தான் எனக்குத் தெரியும். அரிவாள் வாங்கினாலும் ஒரு பிடி அறுத்துப் பார்த்துத்தான் எடுப்பேன்.

முதலில் பழைய வேட்டித் துணியால் இடது பக்கத்தை இறுக்கித் தட்டையாகக் கட்டிக்கொண்டேன். ஐந்து நாள் அப்படியே வளையவந்தேன். வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்திருந்தது. நுரையும் சருகுமாக அது தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தபடி கரையில் நிற்பேன். கை மட்டும் தன்பாட்டுக்கு அங்கே போய்த் தடவிவிட்டு வரும்.

"மாராப்பு என்ன ஒரு பக்கம் படுத்திருக்கு?" என்றார் வீட்டுக்காரர்.

"அதுக்குத் தூக்கம் வருதாம்."

குறை சொல்ல ஒன்றும் இல்லை. இப்படியும் இருந்துவிடலாம் என்றே தோன்றியது.

அடுத்த வாரம் மற்ற வழியைச் செய்து பார்த்தேன். காலையில் குளித்து, நல்ல புடவை கட்டி, தஞ்சாவூருக்கு பஸ் ஏறினேன்.

"நடவு நேரத்துல அங்க என்ன?" என்றார் வீட்டுக்காரர்.

"சும்மா."

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். மறுநாளும் போனேன். உடம்பு தாங்குமா என்று பார்க்கத்தான் போனது; ஆனால் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்ததும் அது மறந்துபோகும். நாற்பது வருஷமாக வயலை நான் குனிந்துதான் பார்த்திருக்கிறேன். சேறு, நாற்று, என் முகம் ஆடுகிற தண்ணீர், அவ்வளவுதான் வயல். பஸ்ஸிலிருந்து பார்த்தால் அது வானம் முடிகிற இடம்வரை கிடந்தது. தண்ணீர் நின்ற வயல்களில் மேகம் நகர்ந்தது. நடவுப் பெண்கள் மேகத்துக்குள் நாற்றை ஊன்றிக்கொண்டிருந்தார்கள். கண் தானாகச் செருகும். விழித்தால் இன்னொரு வயல், இன்னொரு மேகம்.

மூன்றாம் நாள் கண்டக்டர் தட்டி எழுப்பினார். "ஏம்மா, உங்க ஊரு போயி அரைமணி ஆச்சு. கனவுல வேற ஊருக்கு டிக்கெட் எடுத்தீங்களா?"

இறங்கி எதிர் பஸ்ஸுக்கு நின்றபோது எனக்குக் களைப்பே இல்லை. பயம் இருந்தது. அது எப்படிக் கட்டினாலும் எந்த பஸ்ஸில் ஏறினாலும் கூடவே வரும் என்பதும் தெரிந்துவிட்டது.

கெடு முடிந்து மகளோடு போனேன். "அந்த இடத்தை மட்டும் எடுங்க. கரண்டுக்கு நான் வர்றேன்" என்றேன்.

மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "தினம் இவ்வளவு தூரம் வரணும்மா. நடுவுல நிறுத்தக்கூடாது. முடியுமா?" என்றார் டாக்டரம்மா.

"மூணு நாள் வந்து பாத்துட்டேன்."

"எங்க வந்தீங்க?"

"இங்கதான். வாசல்ல டீ குடிச்சுட்டுப் போயிட்டேன்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அப்புறம் டாக்டரம்மா பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார்.